கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வில்லங்கச் சான்று

அலுவலகத்திலிருந்து ஆடிட்டர் வீடு திரும்பியபோது, வரவேற்பறைச் சுவரில் அவர் மனைவியின் தாத்தாவை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் நாற்காலி மேல் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மனைவி கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் அண்ணா" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தாள். படத்திலிருந்த தாத்தா கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, அடுத்த நோயாளி ஆடிட்டர்தான் என்பதுபோல் அவரைப் பார்த்தார். அந்த வட்டாரத்துக்கே முதல் டாக்டர் அவர். இதை உலகத்துக்கு ஞாபகப்படுத்துவதுதான் மச்சானின் முக்கியமான தொழில். ஒழிந்த நேரத்தில் குளிர்சாதனப் பெட்டி விற்பார்.

"எங்க வீட்டுச் சுவர் ஈரம் அடிக்குது மாப்பிள்ளை. தாத்தாவுக்கு ஒத்துக்காது. இனிமே இங்கதான் இருப்பார்."

"ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மச்சான்."

"சுவர் சும்மாதானே கிடந்தது? உங்க பக்கம் மாட்டற மாதிரி யாராவது இருந்தா நீங்களே மாட்டியிருப்பீங்களே."

"ஏன், நான் என்ன வானத்துல இருந்தா குதிச்சேன்?"

"சரி, யாரு இருக்காங்க? சொல்லுங்க."

ஆடிட்டர் யோசித்தார். சட்டென்று நினைவுக்கு வந்தவர் மாடி வீட்டில் இருந்த சித்தப்பா ஒருவர்தான். நாள் முழுக்கப் பனியனோடு உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிறவரைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது. தவிர, தண்ணீர் மோட்டாரைப் போடுவது யார், நிறுத்துவது யார் என்ற விவகாரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தா" என்றார் ஆடிட்டர். "எப்பேர்ப்பட்ட மனுஷன் தெரியுமா? சொன்னா நம்ப மாட்டீங்க."

அவருக்கே தெரியாது என்பதால், இதில் யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது.

கைவசம் இருந்த ஒரே ஆதாரம் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ். அதில் 'தகப்பனார் பெயர்' என்ற இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. மாடிக்குப் போய் சித்தப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்தான். ஆனால் வாய்வார்த்தையை எந்த ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார்? முத்திரை குத்திய காகிதம் வேண்டும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நில ஆவணக் காப்பகத்துக்குப் போனார்.

காப்பகம் ஓர் அரசுக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே இருந்த அதிகாரி அம்மாள் தூசிக்காக மூக்கைத் துணியால் கட்டியிருந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் எதையும் நம்புவதாக இல்லை.

"என்ன சார், பாகப்பிரிவினையா?"

"இல்ல மேடம். குடும்ப வரலாறு."

"எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் வருவாங்க. அப்புறம் வக்கீலைக் கூட்டிட்டு வருவாங்க."

ஆனாலும் தேடினார். பழைய நில அளவைப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். அதுவும் எப்படி? ஏரிக்கரைத் தோட்டம், அதற்குள் மாடி வீடு, கிணறு, குதிரை லாயம் சகிதமாக.

"குதிரை லாயமா?" என்று ஆடிட்டர் நெகிழ்ந்துபோய்க் கேட்டார். "எதுக்கு மேடம்?"

"குதிரைக்குத்தான் சார்."

சான்றிட்ட நகல் வாங்கி, டாக்டர் படத்தைவிடப் பெரிய சட்டம் போட்டு, டாக்டருக்குப் பக்கத்திலேயே மாட்டினார். இந்த முறை ஆணியை அவரே அடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து அதை வரிவரியாகப் படித்தார். முகம் சுருங்கியது. ஆடிட்டரின் வாழ்க்கையில் அது மிக நல்ல ஞாயிற்றுக்கிழமை. அது சுமார் இரண்டு நிமிஷம் நீடித்தது.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. தோட்டம் எங்க, லாயம் எங்க? நீங்க ஸ்கூட்டர்லதானே போறீங்க? குடிச்சே அழிச்சுட்டாரோ?"

மனைவி சிரிப்பை மறைக்க சமையலறைக்குள் போனாள். ஆடிட்டர் மறுபடியும் லீவு போட்டார்.

"தானப் பத்திரம் இருக்கு சார்" என்றார் அதிகாரி அம்மாள். "தோட்டம், வீடு எல்லாத்தையும் ஒரு அம்மா பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கார்."

"மனைவியா இருக்கும்."

"மனைவின்னு போடலையே. 'என்மேல் வைத்த மாறாத அன்பின் பொருட்டு'ன்னு போட்டிருக்கு."

"தங்கச்சியா இருக்கலாம் இல்லையா மேடம்?"

"தங்கச்சிக்கு இப்படி எழுதினவங்களை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல சார்."

ஆடிட்டர் வழியெல்லாம் யோசித்தார். குடித்தே அழித்தார் என்பதற்கும் இதற்கும் நடுவில் கௌரவமான ஏதோ ஒன்று வேண்டும். வீட்டுக்கு வந்து மச்சானுக்குத் தொலைபேசி போட்டார்.

"தோட்டத்தை அனாதைப் பிள்ளைகளுக்கு எழுதி வச்சுட்டார் மச்சான். ஒரு அம்மா இல்லம் நடத்தியிருக்காங்க. அவங்க பேர்ல முழுசையும் கொடுத்துட்டார்."

மறுமுனையில் மச்சானின் குரல் கரகரத்தது.

"நான் தப்பா பேசிட்டேன் மாப்பிள்ளை. இப்படி ஒரு வள்ளலை உலகத்துக்குத் தெரியாம வச்சிருக்கலாமா? எங்க வியாபாரிகள் சங்கத்துல பேசறேன். அந்த இடத்துலயே கல்வெட்டு வச்சுடலாம். நீங்க இடத்தை மட்டும் சொல்லுங்க."

பொறாமைக்காரராக இருந்தபோது மச்சானைச் சமாளிப்பது சுலபமாக இருந்தது. திருந்திய மச்சான் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டார். கல் வாங்கியாகிவிட்டது. எழுத்து வெட்ட ஆள் பிடித்தாகிவிட்டது. இல்லத்தின் பெயர் என்ன, இப்போது நடத்துவது யார், ரிப்பன் வெட்ட எந்தப் பிரமுகரைக் கூப்பிடலாம்?

அந்தத் தோட்டம் கடைசியில் என்ன ஆனது என்று தெரிந்தாலாவது வேறு பொய் யோசிக்கலாம். ஆடிட்டர் மூன்றாவது முறை அடித்தளத்துக்கு இறங்கினார்.

"வக்கீல் வரலையா?" என்று கேட்டுவிட்டு, அதிகாரி அம்மாள் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். "அந்தம்மாவுக்கு ஒரு பையன். அப்பா பேரு இருக்க வேண்டிய இடம் காலி. பையன் வளர்ந்து தோட்டத்தை மனை மனையா வித்திருக்கார். நல்லாப் படிச்சவர் போலிருக்கு சார். தொழில், டாக்டர்."

அவர் பெயரையும் வாசித்தார். ஆடிட்டர் வீட்டுச் சுவரில் ஸ்டெதஸ்கோப்போடு மாட்டியிருந்தவரின் பெயர்.

ஆடிட்டர் அங்கேயே ஒரு காகிதத்தை வாங்கிக் கணக்குப் போட்டார். கொள்ளுத்தாத்தாவின் ஒரு பிள்ளை தன்னுடைய தாத்தா. இன்னொரு பிள்ளை மனைவியுடைய தாத்தா. தாத்தாக்கள் அண்ணன் தம்பி. அப்பாக்கள் அண்ணன் தம்பி. அப்படியானால் தானும் மனைவியும்...

மேலிருந்து கீழே போட்டார். கீழிருந்து மேலே போட்டார். மற்றவர்களின் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கில் தப்பு இருக்க வேண்டுமே என்று ஏங்கினார். கணக்கு கச்சிதமாக இருந்தது. மனைவி அவருக்குத் தங்கச்சி முறை.

அன்று மாலை மனைவி காபியோடு வந்தாள். "என்னங்க, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்து, முதுகுவலி என்றார். அங்கே இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. டாக்டரின் முகத்தில் இப்போது தன் தாத்தாவின் ஜாடைகூட லேசாகத் தெரிவதாக அவருக்குத் தோன்றியது.

மனைவி எதையும் கேட்கவில்லை. அவள் கேட்காமலிருப்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கோபித்தால் சமாதானப்படுத்தலாம். இவளோ வழக்கத்தைவிட அன்பாக, முதுகுக்குத் தைலம் வாங்கி வைத்தாள். அந்தத் தைலப் புட்டியைப் பார்த்தபோது, இவள் இல்லாமல் தனக்கு எந்த வம்சமும் வேண்டாம் என்று அவர் முடிவுசெய்தார். மச்சானோ நாளைக்குக் காப்பகத்துக்கே நேரில் போய் இல்லத்தைப் பற்றி விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

ஆடிட்டர் கொல்லைப்பக்கம் போய், கைபேசியை வாயோடு வைத்துக்கொண்டு, காப்பகத்துக்குப் பேசினார்.

"மேடம், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். யார் வந்து கேட்டாலும் அந்தப் பையனுக்கு அப்பா யாருன்னு மட்டும் மூச்சு விடாதீங்க. அந்தம்மா பேர்ல வீடு எழுதிக் கொடுத்த விஷயம் என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா குடும்பமே சிதறிடும்."

திரும்பினார். மனைவி ஈரத்துணி வாளியோடு நின்றிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் வரவேற்பறையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. மச்சான் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் வேண்டுமென்று மனைவி மாடிக்குப் போய் சித்தப்பாவையும் அழைத்து வந்திருந்தாள். அவர் குறுக்கெழுத்துத் தாளோடு மூலையில் உட்கார்ந்தார்.

"யாரு அந்தப் பொம்பளை?" என்றார் மச்சான். மரியாதை கழன்று விழுந்துவிட்டது.

"மரியாதையா பேசுங்க மச்சான்."

"அவளுக்கு மரியாதை வேற கேக்குதா? யாருய்யா அவ?"

"உங்க கொள்ளுப்பாட்டி."

மச்சான் உட்கார்ந்தார். இதற்குமேல் மறைத்துப் பயனில்லை. ஆடிட்டர் தோட்டம், மாறாத அன்பு, காலி இடம், டாக்டர் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். கூடவே அனாதை இல்லத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப நான் உங்களுக்கு யாரு?"

"முறைப்படி பார்த்தா..." ஆடிட்டர் தரையைப் பார்த்தார். "தங்கச்சி."

"இத்தனை வருஷம் உங்களோட குடும்பம் நடத்தி, உங்க குறட்டையைக் கேட்டு, கடைசியில தங்கச்சியா?"

மச்சானின் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப நீங்க எனக்கு மாப்பிள்ளை இல்ல, பங்காளி." கொஞ்சம் நிறுத்தி, சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "பங்காளின்னா இந்த வீட்லயும் எனக்கு..."

"வாயை மூடு அண்ணா."

"யாரைச் சொல்றே?" என்றார் ஆடிட்டர் பரிதாபமாக. "அவரையா, என்னையா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஒரே ஓர் ஆணியைப் பொறுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கும் தான் ஒரு சாதாரணப் புருஷனாக இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது, ஆடிட்டருக்கும் கண் கலங்கியது.

மூலையில் பேனா மூடும் சத்தம் கேட்டது.

"ஏண்டா, இவர்தான் உன் கொள்ளுத்தாத்தான்னு எதை வச்சு முடிவு பண்ணினே?" என்றார் சித்தப்பா. மோட்டார் விவகாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"தாத்தாவோட பள்ளிச் சான்றிதழ் சித்தப்பா. தகப்பனார் பெயர்னு தெளிவா எழுதியிருக்கே."

சித்தப்பா மருமகளைப் பார்த்து, "நீ அழாதே தாயி, நீ இவனுக்குப் பொண்டாட்டிதான்" என்றார். பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினார்.

"அது எங்கப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல இடம் கிடைக்கணும்னு வேலை பார்த்த வீட்டு முதலாளிகிட்டக் கேட்டு வாங்கிப் போட்ட பேருடா, நீ லீவு மேல லீவு போட்டுத் தேடிக் கண்டுபிடிச்சது மொத்தமும் உன் மச்சான் வீட்டு வம்சம், நம்ம ஆளு அந்த வீட்டுச் சமையல்காரர்."