குழந்தையா, கிட்டாரா

ஒருவருக்கு ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுக்க, அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நம்மைவிடக் குறைவாகத் தெரிந்தால் போதும். என் மாணவி ரோசிக்கு அப்போது ஐந்து வயது. அதனால் தைரியமாக இறங்கினேன்.

எழுபதுகளின் தொடக்கம். பெங்களூரில் மாமாவின் பேக்கரியில் கொஞ்ச காலம் ரொட்டி சுட்டுவிட்டுத் தருமபுரிக்குத் திரும்பியிருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கிட்டாரும்தான் நான் சம்பாதித்து வந்தவை. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், தூக்கிக்கொண்டு போக முடியாது என்று பேக்கரியில் விட்டுப் போன கிட்டார் அது. அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு. அதுவும் மெதுவாகத்தான் வரும். வேகப்படுத்தினால் என் விரல்கள் ஒன்றோடொன்று சண்டைக்குப் போய்விடும். ஆனால் அன்றைய தருமபுரியில் கிட்டாரும் கையுமாக அலைந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். (பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர், "ஏந்தம்பி, இந்த வீணைக்குக் குடம் எங்க, ஒடஞ்சி போச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்.) முடியை நெற்றியில் விழவிட்டுக்கொண்டு, நானே என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்த காலம்.

ரோசியின் அப்பா காட்டிலாகாவில் ரேஞ்சர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, எம்பொண்ணுக்கும் இதக் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்" என்றார். நேரம் கிடைக்குமா என்று யோசிப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். காரணம் ரோசி இல்லை. ரேஞ்சரின் மனைவி லூர்து அக்காவுக்கு ஒரு தங்கை, பெயர் சிசிலி. அப்பா அம்மா இல்லாமல் அக்கா வீட்டிலேயே வளர்ந்தவள். அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பது ரேஞ்சர் கையில் இருந்தது. சேலத்தில் ஒரு பேங்க் மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அவனை ஜெயிக்க என்னிடம் இருந்தது அந்த ஒரே மெட்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம். முதல் நாளே ரோசி கம்பியை அழுத்திப் பார்த்துவிட்டு, "வெரல் வலிக்குது சார்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சரி, மொதல்ல நான் வாசிக்கறேன், நீ பாரு" என்றேன். மெட்டு இரண்டாம் சுற்று வருவதற்குள் அவளுக்குக் கண் சொருகியது. மூன்றாம் சுற்றில் தலை என் முழங்காலில் சாய்ந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கும்போதே கொட்டாவி விட்டாள். பிறந்ததிலிருந்து பகலில் கண் மூடாத குழந்தையாம் அது. லூர்து அக்காவுக்கு என்மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. "இன்னிக்கு ஏன் லேட்டு? வெரசா வாங்க தம்பி, எனக்கும் சித்த படுக்கணும்" என்பார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த மதியங்களை எப்படி விடுவது? வெளியே வெயிலில் ஊரே அசையாமல் கிடக்கும். குவார்ட்டர்ஸைச் சுற்றி நின்ற புளியமரங்களின் நிழல் ஜன்னல் வழியாக வந்து சிமெண்ட் தரையில் ஆடும். என் காலில் குழந்தை மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே சிசிலி அரிசி புடைக்கும் சத்தம், நான் வாசிக்க ஆரம்பித்ததும் நின்றுவிடும். அவள் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். (அவளும் தூங்கிவிட்டிருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.) அந்த மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே மனத்துக்குள் எங்கள் கல்யாணப் பூசையை முடித்து, பெங்களூர் ரயிலில் இருவரையும் ஏற்றி, ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, முடியில் காற்று அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளோடு அதுவரை நான் பேசியது "தண்ணி குடுங்க" என்பது மட்டும்.

காட்டு முகாமிலிருந்து ரேஞ்சர் ஒருநாள் திரும்பினார். "பொண்ணு எப்படிங்க?" என்றார்.

"ரொம்ப நல்லா வாசிக்கிறா சார்" என்றேன். சொல்லும்போது என் பார்வை சமையலறைப் பக்கம் இருந்தது.

"அப்படிங்களா. வர்ற ஞாயித்துக்கெழமை ஒகேனக்கல் போறோம். பரிசல்ல வாசிக்கச் சொல்லிக் கேட்டுடுவோம். கிட்டாரோட வந்துடுங்க."

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. அதற்கும் சேர்த்து ரோசி தூங்கினாள்.

ஞாயிறு வந்தது. அருவிக்குக் கீழே, பாறைச் சுவர்களுக்கு நடுவே காவிரி ஓசையடங்கிப் போகும் இடத்தில் பரிசல் ஏறினோம். தண்ணீரில் வானம் கிடந்தது. எனக்கு எதிரே சிசிலி, பக்கத்தில் ரோசி. இந்தப் பயணம் முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிக் கரையை நெருங்கும்போது ரேஞ்சர், "ரோசிம்மா, வாசி" என்றார். கிட்டாரை அவள் மடியில் வைத்தேன். குழந்தை சிரிக்கட்டுமே என்று பரிசல்காரர் துடுப்பை ஊன்றிப் பரிசலைச் சுற்றிவிட்டார். மலையும் மரமும் மெல்ல எங்களைச் சுற்றிவந்தன. ரோசி கம்பிகளை ஒருமுறை வருடினாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், பழக்க தோஷம், கண் சொருகிவிட்டது. சொல்லிக்கொடுத்த பாடத்தை அவள் மறக்கவே இல்லை.

குழந்தை விளிம்புப் பக்கம் சாய்ந்தாள். கிட்டாரும் சாய்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். நான் பாய்ந்தேன்.

கிட்டாரைப் பிடித்தேன்.

குழந்தையை எட்டிப் பிடித்தது சிசிலி. பாய்ந்த வேகத்தில் நான் கிட்டாரோடு காவிரியில் விழுந்தேன். ஒரு கையால் கிட்டாரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மறுகையால் தண்ணீரை அடித்து, எனக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். நடுவில் கை சோர்ந்து கிட்டாரும் முங்கியது. பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரிச்சி நில்லுங்க சார். தண்ணி இடுப்பளவுதான்" என்றார். எழுந்து நின்றேன். இடுப்பளவுகூட இல்லை.

ரேஞ்சர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "தம்பி, கொழந்தையும் சாஞ்சுது, கிட்டாரும் சாஞ்சுது. நீங்க எதப் புடிக்க வந்தீங்க?" என்று கேட்டார்.

குழந்தையைத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சிசிலி மடியில் ரோசி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். "கிட்டாரத்தாங்க" என்றேன். சொன்னவன் வாய் அதோடு நிற்கவில்லை. "அவளுக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாதுங்க. நான் வாசிச்சா தூங்குவா, அவ்வளவுதான்."

கரையில் கிட்டாரைக் கவிழ்த்தபோது தண்ணீரோடு ஒரு கெண்டைக்குஞ்சும் வந்து விழுந்தது. அங்கே மீன் வறுத்து விற்கும் அம்மா ஒருவர் அதை எடுத்துப் பார்த்து, "இதுவும் சேத்து வறுக்கட்டுங்களா?" என்றார். அப்போது சிரித்தது லூர்து அக்கா மட்டும். ரேஞ்சரின் ஜீப்பில் கிட்டாரைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். சிசிலியையும் அந்த மதியங்களையும் காவிரியோடு விட்டுவிட்டு வருவதாக நினைத்துக் கண் கலங்கியது. முகமெல்லாம் ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் அந்த ஜீப் வந்து நின்றது. "ஐயா கையோட கூட்டியாரச் சொன்னாருங்க. கொழந்த தூங்க மாட்டேங்குது. வூட்ல ஒருத்தருக்கும் தூக்கமில்ல" என்றார் டிரைவர். பலகை உப்பிப்போன கிட்டாரோடு போனேன். தகர டப்பா மாதிரி சத்தம் வந்தது. இரண்டாம் சுற்றில் ரோசி தூங்கினாள். ரேஞ்சரும் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். சிசிலி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், நான் கேட்காமலே.

சேலத்து மாப்பிள்ளையை அவள்தான் வேண்டாமென்றாளாம். எங்களுக்குக் கல்யாணமான பிறகு, ஏன் என்று கேட்டேன். "அந்த ஆளா இருந்தா, கொழந்தையத்தான் புடிக்க வந்தேன்னு சொல்லியிருப்பாரு" என்றாள்.

எங்கள் மூத்தவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, குழந்தையை வாங்க நான் கை நீட்டியபோது, ரேஞ்சர் கோவில் முழுக்கக் கேட்கும்படி, "இருங்க, கையில கிட்டார் இருக்குதா பாத்துட்டுக் குடுங்க" என்றார். அன்று பிடித்த வழக்கம் இது. எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தையும் சோதனை இல்லாமல் என் கைக்கு வந்ததில்லை. போன மாதம் ரோசி தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சித்தப்பா, ரெண்டு கையையும் காட்டுங்க" என்றாள். இந்த வயதிலும் நான் எழுந்து நின்று, கைகளை விரித்துக் காட்டினேன். உள்ளங்கை, புறங்கை எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைக் கொடுத்தாள்.