கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் நலம், உன் ரத்தக் கொதிப்பும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். காது மிஷினை உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே மறந்து வைத்துவிட்டேன். போனில் நீ பேசுவது கேட்காததால்தான் இந்தக் கடிதம். மிஷினை உடனே தபாலில் அனுப்பவும்.

நீ சொன்ன காரியம் முடிந்த மாதிரிதான். உன் மகளுக்கு வந்த அலுவலக வேலை உத்தரவு என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. இன்று கொடுத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை அவள் சேர வேண்டும் என்பதால் வியாழன் ரயிலில் கையோடு அழைத்து வருகிறேன். மைக் செட் கட்டுவது ஒரு பிழைப்பா என்று கேட்டாயே, நானும் அப்படித்தான் நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் மைக் இல்லாமல் ஆயிரம் பிள்ளைகளை அட்டென்ஷனில் நிறுத்திய டிரில் மாஸ்டர் வேறு எப்படி நினைப்பான்?

ஆனாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன். நேற்று மதியம் திறந்தவெளி அரங்கத்துக்குப் போனால், கொளுத்தும் வெயிலில் எண்ணூறு காலி நாற்காலிக்கு நடுவே உன் மகள் ஒருத்திதான். ஒன்றில் உட்காருகிறாள், காதைத் தீட்டுகிறாள், எழுந்து இன்னொன்றில் உட்காருகிறாள். பிள்ளைக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பதறி, தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடினேன். "ஊத்தாதீங்க பெரியப்பா, வயர் இருக்கு" என்று கத்தினாள். ஒரே மேடையில் நாளுக்கு ஒரு நாடகமாம். முந்தாநாள் யுத்தம், நேற்று ராஜா வீட்டுக் கல்யாணக் கலாட்டா, இன்று பேய். அதனால் தினமும் சத்தத்தை முதலிலிருந்து மாற்றிக் கட்டுகிறாள். நான் ஓரமாக ஒதுங்கி, ஈரத் துண்டை ஒரு கறுப்புப் பெட்டிமேல் காயப்போட்டேன். அது ஸ்பீக்கராம்.

சாயங்காலம் ராஜா வேஷக்காரர் கிரீடத்தோடு வந்து வணக்கம் சொன்னார். அவர் நெற்றியில், முடி ஓரமாக, அரிசி அளவுக்கு ஒரு பூச்சி. மனுஷன் கவனிக்கவில்லையே என்று ஓங்கி ஒரு போடு போட்டேன். விழுந்தது மைக். நாடகத்துக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. ராஜா முறைக்கிறார், மானேஜர் தலையில் கை வைத்துவிட்டார். வீட்டில் ஒரு சாவி தொலைந்தால் நீ போடும் கூச்சல் ஞாபகம் வந்தது. இந்தப் பெண் வாயைத் திறக்கணுமே? இடுப்புப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, ராஜாவின் வேர்வையைத் துடைத்து ஒட்டி, "ஒரு வசனம் சொல்லுங்க சார்" என்று கையைக் காட்டினாள். அவ்வளவுதான். இந்தப் பொறுமை நம்ம பக்கத்துச் சொத்து இல்லை, அம்மா வழி.

பிறகு நான் எதையும் தொடாமல் இருக்க, கடைசி வரிசையில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நாடகம் ஆரம்பித்தது. ஒரு பெட்டியும் பேசவில்லை தம்பி. ராஜா பேசினால் ராஜா வாயிலிருந்துதான் வருகிறது. என் துண்டு ஈரத்தில் எல்லாம் கெட்டுப்போய், நடிகர்கள் சொந்தத் தொண்டையில் சமாளிக்கிறார்கள் என்று நினைத்தேன். காற்று திரும்பியது, இவள் விரல் ஒரு நூல் நகர்ந்தது. ராணி முணுமுணுத்தாள், இன்னொரு விரல். இடைவேளையில், "எதுவும் வேலை செய்யலையேம்மா" என்றேன்.

சிரித்துவிட்டு, என் காதில் வாயை வைத்துச் சொன்னாள்: "எல்லாமே ஓடுது பெரியப்பா. மேடைச் சத்தம் முதல்ல வரும், பின்னாடி இருக்கிற பெட்டி கண் சிமிட்டுற நேரம் கழிச்சுப் பேசும். அதனால காது மேடையைத்தான் நம்பும். பெட்டி பேசுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

நான் முப்பத்திரண்டு வருஷம் கத்தியும் வாங்காத அமைதியை இவ ஒரு வார்த்தை பேசாம எண்ணூறு பேர்கிட்ட வாங்குறா. எனக்குப் பெருமை தாங்கலடா. ஆனாலும் நீ சொன்னது சொன்னதுதான். உன் மனைவிக்கு என் ஆசிகள். கோபத்தைக் குறைத்தால் உனக்கும் உண்டு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே அழைத்து வருவதாக எழுதியதை அடித்துவிடவும். அன்று கவரை ஒட்டப் போகும்போதுதான் உறைத்தது, ஒட்டாமல் வைத்துவிட்டேன். மிஷின் உன் ஃபிரிட்ஜ் மேல் இருக்க, ராணி முணுமுணுத்தது எனக்கு எப்படிக் கேட்டது? அவளிடம் உத்தரவைக் காட்டினேன். படித்துவிட்டு ஏதோ சொன்னாள். நான் மூன்று தரம் "என்ன?" என்று கேட்டதில், மேசை மைக்கை எடுத்து, "நான் இங்கயே இருக்கேன் பெரியப்பா" என்று எண்ணூறு நாற்காலிக்கும் கேட்கச் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது, உனக்கும் எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழன் ரயில் போயிருக்கும். மிஷினை அனுப்ப வேண்டாம். எனக்கும் இங்கே வேலை கொடுத்திருக்கிறாள். தினமும் ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்கவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும். இரண்டு நாளாகிறது, இன்னும் தூக்கவில்லை.