முயலுக்கு ஒரு குறையும் இல்லை

மனிதர்களின் அழகுக்காக எந்த முயலும் கண்ணெரிச்சல் படக்கூடாது என்பதில் கணக்கர் வீட்டில் இரண்டு கருத்து இருந்ததில்லை. கருத்துச் சொல்லும் பொறுப்பை மனைவி ஒருவரே சுமந்துகொண்டிருந்தபடியால், இரண்டாவது கருத்து உருவாக வழியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மையார் குளியலறை அலமாரியைச் சோதனை போட்டார். உதட்டுச் சாயத்தில் பூச்சியை அரைத்த சிவப்பு, களிம்பில் தேன்மெழுகு, சோப்பில் மாட்டுக் கொழுப்பு என்று ஒவ்வொன்றின் மேலும் குற்றம் நிரூபணமாகி, எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. கணக்கர் பல வருஷமாக முகத்தில் நுரை தடவிவந்த பிரஷ் பன்றி முடி என்று தெரியவந்து அதுவும் வெளியேறியது. அந்தப் பன்றி எப்போதோ போய்ச் சேர்ந்திருக்குமே என்று அவர் இழுத்துப் பார்த்தார். செத்ததன் முடியையும் விடவில்லையா என்று அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனார்கள். புதிதாகத் திறந்த அந்தக் கடையில் தரையிலிருந்து கூரைவரை எல்லா டப்பாவிலும், எந்த விலங்கையும் வதைக்காத சரக்கு என்பதற்கு அடையாளமான முயல் முத்திரை. விலை ஏற ஏற முயலின் சிரிப்பும் அகலமாயிற்று. மனைவி விற்பனைப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்தார். பால் உண்டா, தேன் உண்டா, முத்துப்பொடி உண்டா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை. எலி மேல், முயல் மேல் தடவிப் பார்த்தீர்களா? காதால் கேட்கவே கூசுவதுபோல் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கணக்கர் வாயைத் திறந்தார். வினை அங்கேதான் ஆரம்பம்.

"அப்ப யார் மேலம்மா தடவிப் பாத்தீங்க?"

"யார் மேலயும் இல்ல சார். அதான் எங்க கம்பெனி கொள்கை."

கொள்கையில் உருகிப்போன மனைவி இருப்பதிலேயே பெரிய களிம்பு டப்பாவாக வாங்கினார். வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசனை வந்தது. யாருமே போட்டுப் பார்க்காததை எடுத்த எடுப்பில் நாம் போடலாமா? அவருடைய பார்வை மெல்லத் திரும்பிக் கணக்கர் மேல் நின்றது.

"முயலால வேணாம்னு சொல்ல முடியாது. அதான் கொடுமைங்கிறோம்," என்றார் மனைவி. "உங்களால சொல்ல முடியுமில்ல?"

"வேணாம்."

"பாத்தீங்களா, சொல்ல முடியுதே. அப்ப இதுல கொடுமையே இல்ல. கண்ணை மூடிக்கோங்க."

மறுநாள் காலை கணக்கரின் முகம் செக்கச் செவேலென்று வீங்கி, கண்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம், அலுவலகத்தில்தான் விபரீதம். அங்கே முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் ஒன்று வாசலில் இருந்தது. தங்களை அடையாளம் தெரியவில்லை என்று அது மரியாதையாகச் சொல்லிவிட்டது. மேலாளருக்கு அவரை நன்றாகத் தெரிந்தது. ஆனால் இயந்திரத்துக்குத் தெரியாத ஒருவரைத் தெரிந்துகொள்ளத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார். இப்படியே வராமல் இருந்தால் வேலை போய்விடும் என்பதை, எதிரே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவரிடமே வருத்தத்துடன் தெரிவித்தார்.

கணக்கர் பதறிப்போய் முயல் முத்திரை வழங்கும் துறைக்கு ஓடினார். அதிகாரியின் மேசைமேல் ஒரு கூண்டில் நிஜ முயல் ஒன்று வெள்ளைவெளேரென்று கேரட் தின்றுகொண்டிருந்தது.

"பாதிக்கப்பட்ட விலங்கு எது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

அதிகாரி ஒரு பட்டியலில் விரலை ஓட்டினார். "குரங்கு வரைக்கும்தான் இருக்கு. நீங்க கொஞ்சம் முன்னாடியே பொறந்திருக்கணும்."

பிறகு அவர் எழுந்து வந்து அந்த முகத்தை எல்லாப் பக்கமும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. எங்கேயாவது சோதித்துப் பார்த்த களிம்பாக இருந்தால் இப்படி வீங்குமா? வீங்கியிருப்பதே எந்த உயிரையும் வதைக்கவில்லை என்பதற்குத் தக்க ஆதாரம் என்று துறை முடிவு செய்தது. அடுத்த வாரம் ஊர்ச் சுவரெல்லாம் கணக்கரின் முகம்தான். அடியில், 'இந்தச் சிவப்பே சாட்சி.'

அப்புறம் கேட்க வேண்டுமா? சிவந்த முகம்தான் கருணையுள்ளவர் முகம் என்று ஆகிவிட்டது. மனைவி வீங்கினார், பக்கத்து வீட்டார் வீங்கினார்கள், மேலாளர் குடும்பத்தோடு வீங்கினார். களிம்புக்கு மசியாத தோல்காரர்கள் சொரசொரத் துண்டால் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டார்கள். எல்லாருடைய முகத்தையும் இயந்திரத்தில் புதிதாகப் பதியும்படி உத்தரவு வந்தது. கணக்கருக்கு வேலை தங்கியது. முன்னோடி என்ற பட்டமும் சேர்ந்தது.

ஆனால் அவர் தோல் காலமெல்லாம் அலுவலகத்தில் ஊறிய தோல். நாளாவட்டத்தில் எதற்கும் அசையாமல் போயிற்று. மூன்று வேளை தடவியும் வீக்கம் வடிந்து, பழைய முகம் பளிச்சென்று திரும்பியது. இயந்திரம் மறுபடி அவரை யாரோ என்றது. மேலாளர், கருணையுள்ளவர்தான் என்று முயல் முத்திரைத் துறையில் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் ஆயிற்று என்றார். அங்கே அதிகாரி கன்னத்தைச் சொறிந்துகொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகம் இவ்வளவு சுத்தமா இருக்கே, எந்த விலங்கு மேல சோதிச்சது?"

வேலையும் போய், முயல் வதைத்தவன் என்ற பெயரும் சேர்ந்தால் எங்கே போய் நிற்பது? கணக்கர் நேரே கடைக்கு ஓடினார். 'கூடுதல் தூய்மை' என்று புதிதாக வந்திருக்கிறது, செய்கிறவர்களே தொடமாட்டார்கள் என்று விற்பனைப் பெண் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை மனைவி தம் இமைகளை விரலால் பிரித்து அவரைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இப்பதான் பாக்க மனுஷன் மாதிரி இருக்கீங்க."

அந்த முகத்தோடு சான்றிதழுக்குப் போய் நின்றார் கணக்கர். அதிகாரி பெருமகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தார். அப்போதுதான் கணக்கரின் பார்வை கூண்டின் மேல் விழுந்தது. முயலின் மூக்கும் காதும் சிவந்து தடித்திருந்தன. கண் திறக்கவில்லை. கேரட் அப்படியே கிடந்தது. அவருக்கு மனசு என்னவோ செய்தது.

"துறையோட சின்னமே வெளுத்த மூஞ்சியோட இருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?" என்றார் அதிகாரி. "அதான் கொஞ்சம் தடவினோம்."

"அதோட சம்மதம்?"

"கேக்காம இருப்போமா? வேணாம்னு அது சொல்லவே இல்ல."

கணக்கர் வாயைத் திறந்தார். சான்றிதழில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பது நினைவுக்கு வரவே, மூடிக்கொண்டார்.