நாற்பத்தாறாம் பிரதி

நான் எதையும் எண்ணாமல் விடுவதில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. வலங்கைமான் பஸ் நிறுத்தத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி (மழைக்காலத்தில் நாற்பது கூடும், சேற்றைச் சுற்றிப் போவதால்). ஆனால் எண்ணுவது வேறு, படிப்பது வேறு என்பது அறுபத்திரண்டாம் வயதில்தான் எனக்கு உறைத்தது.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. எங்கள் வாய்க்காலில் என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். முந்தைய முறை இரண்டு மண்டை உடைந்திருந்தது. "சார் போட்டா நியாயமா இருக்கும்" என்று பட்டியலை என் தலையில் கட்டினார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகள் கயல் போனிலேயே சொல்லிக்கொடுக்க, யாருக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிட ஒரு புரோகிராம் எழுதினேன்.

செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் எண் போட்ட பிரதியாகக் காத்துவைக்க, வெர்ஷன் கண்ட்ரோல் என்ற ஏற்பாட்டையும் அவளே செய்து தந்தாள். நான் புரோகிராம் எழுதுகிற எடிட்டர் என்ற மென்பொருளின் ஓரத்திலேயே அதற்கும் ஒரு பொத்தான். அங்கே பிடித்தது கவலை.

"எடிட்டர் கெட்டுப்போனா பழைய பிரதியெல்லாம் போயிடுமேம்மா?"

"போகாதுப்பா. அது உங்க ஃபோல்டர்ல தனியா இருக்கு."

"கண்ணுக்குத் தெரியலையே?"

"அப்பா, எனக்கு மீட்டிங் இருக்கு."

எடிட்டரோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற ஒரு மென்பொருளைப் பதினொரு நாள் தேடினேன். முதல் ஏழும் சரிப்படவில்லை. ஒன்று முழுக்கக் கறுப்பு. ஒன்று மூன்று முறை என் பிறந்த தேதியைக் கேட்டது. எட்டாவது, எல்லாப் பிரதிகளையும் கோடு கோடாக வரைந்து காட்டியது: பெரிய வாய்க்காலிலிருந்து கிளை பிரிந்து, மறுபடி வந்து சேர்வதைப் போல. பார்த்ததுமே என் ஊர்க்காரன் என்று தோன்றிவிட்டது.

அதில் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: தாலுக்கா ஆபீசில் பழைய பதிவேடுகள் தனி அறையில் இருக்கும், அங்கே போய் எதைப் புரட்டினாலும் இங்கே மேசையில் இருக்கும் பதிவேடு மாறாது. தனி மென்பொருள், தனி அறை. (என்ன தெளிவு!)

நாற்பத்தேழாம் பிரதிதான் இறுதி. காலையில் அச்செடுக்கும் முன், ஜமால் பாயின் மணி நேரத்தை நாற்பத்தாறிலிருந்து சரியாக ஏற்றினோமா என்று சந்தேகம். எட்டாவதைத் திறந்து நாற்பத்தாறைச் சொடுக்கினேன். ஏதோ எச்சரித்தது, சரி என்றேன். மணி நேரம் சரியாகவே இருந்தது. நிம்மதியாக எடிட்டருக்கு வந்து அச்சிட்டேன். மூன்று பக்கம், நாற்பத்து மூன்று பெயர். இரண்டு முறை எண்ணினேன். படிக்கவில்லை. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டு, காபி குடிக்க வந்தேன்.

அரை மணியில் ஜமால் பாய் வாசலில் நின்றார். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து நிலம் வாங்கியவர்.

"சார், எனக்கு ஒன்பது மணி நேரம். சரி. பக்கத்துல 'பேச ஆரம்பித்தால் துபாய் போய்த்தான் நிறுத்துவார்'னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

யாரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்காக மட்டும் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். நாற்பத்தேழில்தான் அவற்றை அழித்தேன். நாற்பத்தாறில் அத்தனையும் இருந்தன. அச்சாகியிருந்தது நாற்பத்தாறு.

கொட்டகைக்கு ஓடினேன். முப்பது பேராவது இருப்பார்கள் (அன்று மட்டும் எண்ணவில்லை). என் மனைவி விசாலம் எனக்கு முன்பே அங்கே நின்று, அவள் தம்பியின் பெயருக்கு எதிரே விரலை வைத்திருந்தாள்.

"'படுத்தால் எழுந்திரிக்க மாட்டான்.' ஏங்க, எந்தம்பிய இப்படியா எழுதுவீங்க?"

தம்பி பரவாயில்லை என்றான். உட்கார்ந்தபடியே.

பின்னாலேயே வந்திருந்த ஜமால் பாய் கடைசிப் பெயருக்கு எதிரே இருந்ததை உரக்கப் படித்தார். அது என் பெயர். "'நியாயமானவர்.'"

அந்தச் சிரிப்பில் மடையில் நின்ற கொக்குகள் கிளம்பிவிட்டன.

கயலுக்குப் போன் செய்தேன். "அப்பா, ஜன்னல் ரெண்டு, வீடு ஒண்ணுதான். எந்த ஜன்னல் வழியா மாத்தினாலும் வீடு மாறும்" என்றாள். பதினொரு நாளைக்கு முன்பே மீட்டிங்கை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒன்று. அந்தப் போகம் முழுக்க யாரும் தண்ணீருக்குச் சண்டை போடவில்லை. குறிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் மணி நேரத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைமடை வரை பாய்ந்தது. அடுத்த வருஷம் வெறும் பட்டியலை ஒட்டியபோது, "என்ன சார், இந்த வாட்டி ஒண்ணும் எழுதலையா?" என்று ஒன்பது பேர் ஏமாற்றத்தோடு கேட்டார்கள்.

வீட்டில் இன்றுவரை நான் நுழைந்தால், "நியாயமானவர் வந்துட்டாரு, தட்டு வைங்க" என்கிறாள் விசாலம். விடுமுறைக்கு வந்த கயல் என் பெயருக்கு எதிரே, அந்தச் சொல்லுக்குப் பதிலாக, 'எண்ணுவார், படிக்க மாட்டார்' என்று எழுதி நாற்பத்தெட்டாம் பிரதியாகச் சேர்த்துவிட்டாள். நாற்பத்தொன்பதில் அதை அழித்தேன். ஆனால் எட்டாவதைத் திறந்தால், நாற்பத்தெட்டு அங்கேயே இருக்கிறது.