பூசண டாக்டரும் ஆயுத பூஜையும்

இராஜபாளையத்திலேயே பூசணத்துக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பூசண டாக்டர்தான். முதலாளியின் மகனையே "ஏலே, இங்க வா" என்று கூப்பிடுகிறவர், பூசணத்தை மட்டும் 'அவர்கள்' என்கிற மரியாதையோடு "அவிய" என்பார். "அவியளுக்கு இன்னைக்கு வெயில் ஒத்துக்கிடல" என்று வருத்தப்படுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மேனேஜர். காயத்தில் கட்டும் துணி என்பதால், அங்கே பூசணம் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தத் துணிக்கட்டும் திரும்பி வந்துவிடும். அங்கே கெமிஸ்டாக வந்து, பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் வைக்கோலைப் போட்டு, வெள்ளை வெளேரென்று பூசணம் வளர்த்தார் இந்த மனிதர். பட்டப்பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கையில் இரண்டு தூக்குவாளி. ஒன்றில் தயிர்சாதம். இன்னொன்றில், சுந்தரபாண்டியத்தில் ஏதோ உளுத்த மரத்திலிருந்து சுரண்டி எடுத்த பூசண விதை. ஒருநாள் கூட்டத்தில் வாளியை மடியில் வாங்கிக்கொண்ட ஒரு அம்மாள் மூடியைத் திறந்துவிட்டாள்.

"ஏய்யா, இது என்னைக்கு வடிச்ச சோறு?"

"வடிச்சதில்ல தாயி, வளத்தது" என்றாராம்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் வகுப்பே எடுப்பார். "துணி வேக வைக்கிற சோப்பு எண்ணெய் இருக்குல்லா, அது கழிவோட கண்மாயில கலந்தா, மீனு ஒடம்புல ஹார்மோன் மாதிரி வேசம் போடும். ஆம்பள மீனுக்குத் தான் ஆம்பளங்கிறதே மறந்துபோகும். அவிய மரத்தையே தின்னு செமிக்கிறவிய. இத விடுவாகளா?"

"ஒங்க வீட்லயும் அந்தத் தண்ணிதானா டாக்டர்? கொழம்பு நீங்கதான் வைக்கிறீகளாமே?" என்றேன் ஒருமுறை. அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் கம்பெனிக் கழிவை அந்தத் தொட்டி வழியாக விட்டு, வெளியே வந்த தண்ணீரைப் புட்டியில் பிடித்துக் குலுக்கினால், சோப்பு நுரை வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. முதலாளியும் அதைப் பார்த்தார். "ஆயுத பூஜைக்கு மறுநாள் வாரேன். நுரை சுத்தமாப் போயிருந்தா பெரிய தொட்டி கட்டுவோம். இல்லைன்னா இடிச்சிட்டு குடோன்தான். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் டாக்டர் மீன் வாங்கக் கிளம்பினார். சுத்தமான தண்ணீரில் மீனை நீந்தவிட்டுக் காட்ட வேண்டுமாம். போகும்போது என்னிடம், "எல்லாத்தையும் கழுவுங்க மேனேஜரே, அவியள மட்டும் விட்டுருங்க" என்றார்.

கழுவும் வேலை மும்முரமாக நடந்தது. தேய்த்துக்கொண்டிருந்த பெண்களில் மாரியம்மாள்தான் கேட்டாள். "சார், டாக்டர் தொட்டியையுமா?"

"பின்ன? பூசணத்தோடவா சரஸ்வதியக் கும்பிடுவ?" என்றேன்.

நல்ல சிரிப்பு கிடைத்தது. அந்தச் சிரிப்புக்காக, சொன்னதைத் திரும்ப வாங்காமல் நின்றேன். பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்துத் தொட்டியைப் பளபளப்பாக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். விதை வாளியைக்கூடப் புளி போட்டு விளக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் இரண்டு மீன்களுடன் வந்த டாக்டர் தொட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"அவிய எங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் குங்குமக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூஜைக்கு மறுநாள் முதலாளி வந்து, "ஏமிரா இதி? என்னடா இது? யாரு கழுவச் சொன்னது?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். நான் பெண்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நாந்தாங்க. பூஜைக்குச் சுத்தமா இருக்கட்டும்னு" என்றார் டாக்டர்.

முதலாளி போன பிறகு, "ஏன் அப்படிச் சொன்னீக?" என்று கேட்டேன். "ஒமக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. வேலை போனா என்ன செய்வீரு? அவிய எங்கயாச்சும் மரத்துல கெடைப்பாக" என்றார்.

அடுத்த மாதம் தொட்டியை இடித்தார்கள். அவரும் வேலையை விட்டுப் போனார். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வளர்த்தவரே கழுவிவிட்டார் என்று அந்தக் கதையைப் பல வருஷம் நானே சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது எழுதும்போதும் வெட்கத்தில் காது சுடுகிறது.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீடு முழுக்கக் கழுவுவோம். குளியலறைச் சுவரின் மூலையில் பூத்திருக்கும் பூசணத்தின்மேல் மனைவி பிளீச்சிங் பவுடரோடு பாய்வாள். "செத்த பொறு. அவிய இருந்துட்டுப் போகட்டும்" என்று தடுத்து, பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு வருவேன்.