கோடு வரைக்கும் நிரப்பவும்

தையல்காரர் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை மெஷின் மேல் வைத்துவிட்டு, வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியில் அவர் பெயர். எழுதி ஒட்டியவர் அவர் மனைவி.

மனைவி அந்த வட்டாரத்துச் சுகாதாரச் செவிலியர். சிறுநீரக நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டத்தில், பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டில் சிறுநீர் வாங்கிச் சோதிப்பது அவர் வேலை. எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று வாயால் சொன்னால் ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவர் ஒரு சொட்டு கொண்டுவந்தார். இன்னொருவர் வாளியோடு வந்தார். கலர் தண்ணீர் ஊற்றிக் காட்டியபோது, "இது ஜூஸா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து செவிலியர் தினமும் காலையில் தன்னுடையதையே கோடு வரைக்கும் நிரப்பி, கொஞ்சமும் கூசாமல் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டுவார்; சாயங்காலம் அது கழுவப் போய்விடும். அவரைவிட அந்தப் பாட்டிலுக்குத்தான் ஊரில் பேர் அதிகம்.

"எல்லாரும் குடுத்தாச்சு. என் வீட்டுல மட்டும் பாக்கி. ஊருக்கெல்லாம் சொல்றவ புருஷனே குடுக்கலைன்னா எனக்கு என்ன மரியாதை?" என்று காலையில்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நாளைக்குத் தரேம்மா."

"மூணு வாரமா உங்களுக்கு நாளைக்குத்தான்."

எல்லாம் பயம். இருபது வருடம் குனிந்து தைத்த முதுகுக்குத் தினம் இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொள்பவர் அவர். அந்த மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மனைவியே வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து வந்தார். முடிவு மோசமாக வந்தால் மாத்திரை போகும். மாத்திரை போனால் முதுகு போகும். முதுகு போனால் மெஷின் போகும்.

சுகாதார நிலையத்துக் காவலாளி நாற்பது வயது மனிதர். கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. தையல்காரர் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

"தம்பி, இதை ரொப்பிக் குடு. எதுக்குன்னு கேக்காதே."

"அண்ணே, பேரு உங்களோடது."

"பேருதான் என்னோடது. மத்தது உன்னோடதா இருக்கட்டும்."

சாயங்காலம் பாட்டில் கோடு வரைக்கும் நிரம்பி வந்தது.

மறுநாள் மனைவி வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் நின்றார். ஆயிரம் பேருக்கு முடிவு படித்துச் சொன்ன வாய், இந்த ஒரு தாளில் திக்கியது.

"புரோட்டீன் மூணு பிளஸ்ங்க, கிட்னி கெட்டிருக்கு. ஊர்ல ஒரு கதவு விடாமத் தட்டினேன். என் வீட்டுக்குள்ள பாக்காம விட்டுட்டேனே."

தையல்காரர் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றே வீட்டிலிருந்து உப்பு நாடு கடத்தப்பட்டது. மாத்திரை அட்டை மனைவியின் கைப்பைக்குள் போயிற்று. போன இடத்தில் அது சும்மாவும் இருக்கவில்லை. நாளெல்லாம் நடந்து செருப்பு வார் அழுந்துகிற அளவுக்கு வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, மனைவி அதிலிருந்தே ஒன்றை விழுங்கினார்.

"ஊருக்குத்தான் நோட்டீஸா?" என்றார் தையல்காரர்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன். நீங்க உங்க உடம்பைப் பாருங்க."

சேதி பரவியது. வாடிக்கையாளர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்கள். "அவசரமே இல்ல, நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றார் ஒரு அம்மாள். "ஆனா என் ஜாக்கெட்டை மட்டும் இன்னைக்கே முடிச்சுட முடியுமா?"

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று பிளஸ்காரன் ஒன்றும் அறியாமல் கேட்டில் நின்று விசில் ஊதுகிறானே. அதுதான் தையல்காரரைத் தூங்க விடவில்லை. உண்மையைச் சொல்லாமல் ஆளைக் காப்பாற்றலாம் என்று தன் உப்பில்லாச் சாப்பாட்டைத் தினமும் டப்பாவில் கட்டிக் காவலாளியிடம் கொடுத்தார்.

நாலாம் நாள் காவலாளி கண் கலங்கிக் கேட்டார்: "அண்ணே, நான் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினேன்?"

பத்தாம் நாள் மறு சோதனை. இந்தத் தடவை தையல்காரர், ஆனது ஆகட்டும் என்று தன்னுடையதையே கொடுத்தார். ஒரு பிளஸ்கூட இல்லை. பளிங்கு.

மனைவி அழுதே விட்டார். அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி மேலதிகாரியிடம் சொன்னார். வாரக் கடைசியில் சுகாதார நிலையத்துக் கூடத்தில் கூட்டம். சுவரில் தையல்காரரின் ஆளுயரப் படம். அதன் கீழே, 'பத்தே நாளில் சிறுநீரகத்தை மீட்டவர்.' கூடம் முழுக்க அவரை ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பத்து நாள் உப்பைக் குறைத்தால் போதும் என்று இத்தனை பேரும் நம்பி வீட்டுக்குப் போவார்கள். வெளியே ஒரு மனிதன் சாவான். தையல்காரரால் உட்கார முடியவில்லை. எழுந்து கேட்டுக்கு ஓடினார்.

"தம்பி, பெரிய பாவம் பண்ணிட்டேன். அன்னைக்கு மூணு பிளஸ் வந்தது உன்னோடதுக்கு. இன்னைக்கே டெஸ்ட் பண்ணிக்கோ, நானும் கூட வரேன். உள்ளே போய் என் வீட்டுக்காரிகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அது என்னோடது இல்லண்ணே. கேட்டை விட்டு நகர முடியாதேன்னு நான் பகல்ல தண்ணியே குடிக்கிறதில்ல. அன்னைக்கு எவ்வளவோ முக்கிப் பார்த்தேன், வரல. உங்க முகத்தைப் பார்த்தா இல்லைன்னு சொல்லவும் மனசு வரல. சாயங்காலம் பாட்டிலையெல்லாம் கழுவி வைக்கிறவன் நான்தானே…"

"அப்போ அது யாரோடது?"

திறந்திருந்த ஜன்னல் வழியே மனைவியின் குரல் கேட்டது. வீங்கிய காலை ஊன்றி, நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்து நின்று, "இந்தக் கோடு வரைக்கும் போதும், நல்லாப் பாத்துக்கோங்க," என்று கையை உயர்த்திக்கொண்டிருந்தார்.

காவலாளி அந்தப் பக்கம் விரலை நீட்டினார்.

"அதோ, அக்கா தூக்கிக் காட்டுறாங்களே, அந்தப் பாட்டில்ல இருந்துதான் ஊத்தினேன்."