பிரேதம் அண்ணையின் காதில் விழுந்த கதை

திருகோணமலையில் பிரேதம் அண்ணையைப் போல அசையாமல் செத்துக் கிடக்கக்கூடிய மனிதர் வேறொருவர் இல்லை. மூக்கில் இலையான் உட்கார்ந்தாலும் விரட்டமாட்டார்.

துறைமுகப் பக்கத்தில் களஞ்சியம் பார்த்துப் பென்சன் எடுத்தவர். ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு பழைய வீட்டை எடுத்து 'கொலை அறை' என்று போர்டு மாட்டினார். நாலு பேரை உள்ளே விட்டுப் பூட்டுவார். ஒரு மணித்தியாலத்துக்குள் கொலைகாரனையும் கதவுச் சாவியையும் கண்டுபிடித்து வெளியே வரவேண்டும். "எப்பிடி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லாயிருந்தது அண்ணை" என்பார்கள். ஒருவரும் மறுபடி வரமாட்டார்கள். உண்மையை அறிய அவர் ஒரு வழி கண்டார். பூட்டுகிற வேலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பொம்மைப் பிணம் கிடந்த இடத்தில் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு தானே படுத்தார்.

இது தெரியாமல் அலுவலகத்து மூன்று பேரோடு நான் போனேன். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் என்னைத்தான் தலைவனாக்கினார்கள். நாற்பது நிமிடத்தில் நான் கண்டுபிடித்தது மின்விசிறி சுவிட்சை மட்டும். வெட்கத்தை மறைக்கக் கதிரையில் சாய்ந்துகொண்டு குறை சொல்லத் தொடங்கினேன்.

"இதெல்லாம் ஒரு விளையாட்டே? அலுமாரிக்கு மூண்டு பூட்டு. பென்சன்காரருக்குப் பொழுது போகேல்லை. பெண்சாதி கொழும்பில போய் இருக்கிறா எண்டால் சும்மாவே? இந்த விசரைத் தாங்க ஏலாமல் போயிருப்பா."

கூட வந்த சுகந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு சொன்னேன்.

"அவ மகளின்ர பிள்ளைப்பேறு பாக்கப் போனவ" என்றது பிரேதம்.

நான் கதிரையிலேயே உறைந்துபோனேன். கண்ணைத் திறக்காமலே அது தொடர்ந்தது: "நீங்கள் கொஞ்சம் எழும்பினால் சாவியை எடுக்கலாம். கதிரைக்குக் கீழதான் ஒட்டி வைச்சனான்."

வெளியே வந்ததும் தேத்தண்ணி தந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "நல்லாயிருந்தது அண்ணை" என்றுதான் வந்தது. அவர் ஒரு கொப்பியை விரித்தார்.

"அலுமாரிக்கு மூண்டு பூட்டுக் கூடத்தான். பிறகென்ன சொன்னனீங்கள்? அந்தப் பிள்ளை சிரிச்சதில வடிவாக் கேக்கேல்லை."

தலை குனிந்தபடி வாசலில் செருப்பைத் தேடினேன். உள்ளே அவர் மனைவியோடு தொலைபேசியில் கதைப்பது கேட்டது. "ஓம், சாப்பிட்டனான். பேரன் நித்திரையே? இண்டைக்கு வந்தவை நல்ல ஆக்கள். ஒராள் மனசில உள்ளதை அப்பிடியே சொன்னவர்."

இப்போதும் அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகிறேன். கேட்பவர்களிடம் ஏற்றம் என்று சொல்லிவிடுவேன்.